நல்ல கத்தோலிக்கன் என்றால் வலதுசாரியாகத்தான் இருக்கணுமா?

ஓரத்துப் பெஞ்சு | டெக்சாஸ் | 26 அக்டோபர் 2025

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று எழுதியே ஆகணும் போல இருக்கு.

எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை தோறும் ஃபுட் பேன்ட்ரி உண்டு, இல்லாதவங்களுக்கு இலவசமா மளிகை கொடுக்கிற இடம். வேர்க்கடலை வெண்ணெய் டப்பா, மக்ரோனி, டின் பீன்ஸ், சில வாரம் முட்டை. மூணு வருஷமா பெட்டி தூக்கிப் போடுறேன். கூடவே தூக்குறவர் எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க ஆண்கள் சங்கத்தின் உறுப்பினர். மழை, வெயில் எதுவானாலும் ஆறு மணிக்கு வந்து கதவைத் திறப்பார். இவரைவிட நல்ல மனுஷனை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

பட்ஜெட் நிறைவேறாமல் வந்த அரசு முடக்கத்தால் நவம்பர் ஒண்ணாம் தேதி ஸ்னாப் பணம் (ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவி, பழைய ஃபுட் ஸ்டாம்ப்) வராது என்று செய்தி வந்திருக்கு. இன்று பூசை முடிந்து காபி குடிக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. பெரியவர் சொன்னார்: "இது வாஷிங்டன் வேலையே இல்லை. நம்ம வேலை. சப்சிடியாரிட்டி என்று போப்பே சொல்லியிருக்கார். நல்ல கத்தோலிக்கன் சோஷலிஸ்டா இருக்க முடியாதுன்னும் ஒரு போப் சொல்லியிருக்கார்."

எனக்குப் பதில் தெரியலை. தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவன் நான். எங்கம்மா காலைப் பூசைக்கு வரும்போதே ரேஷன் பையை மடக்கிக் கக்கத்தில் வெச்சிருப்பாங்க, பூசை முடிஞ்சு நேரா கடை வரிசைக்கு. அது ஏதோ விசுவாசத்துக்கு எதிரான காரியம்னு யாரும் சொன்னதில்லை. உண்மையிலேயே திருச்சபையில் அப்படி ஒரு போதனை இருக்கா?

---

பாதி சாமியார் | திருச்சி | 27 அக்டோபர்

இருக்கு. பெரியவர் சொன்ன ரெண்டு வாக்கியமும் ஒரே சுற்றுமடலில் (போப் திருச்சபை முழுவதுக்கும் எழுதும் போதனைக் கடிதம்) வருது என்பதுதான் வேடிக்கை. போப் 11-ஆம் பத்திநாதர் 1931 மே 15 அன்று வெளியிட்ட குவாட்ரஜெசிமோ அன்னோ. குருமடத்தில் ஏழு வருஷம் இருந்து திரும்பி வந்தவன் நான். இந்த மடலை வெச்சு ஒரு தேர்வில் கோட்டை விட்டிருக்கேன், அதனால் நல்லா ஞாபகம்.

79-ஆம் பத்திதான் சப்சிடியாரிட்டி. அது சொல்வது: தனிமனிதர் தம் முயற்சியால் செய்துகொள்ளக்கூடியதைச் சமூகம் பிடுங்கிக்கொள்வது தவறு. அதே மாதிரி, சின்ன அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு எடுத்துக்கொள்வது அநீதி. சோஷலிஸ்ட் வாக்கியம் 120-ஆம் பத்தி. ரெண்டும் சரி.

ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவில் நாற்பது பத்தி இருக்கே, அதையும் வாசிக்கணும். கட்டற்ற போட்டி பொருளாதாரத்தை நடத்தும் நெறியாக இருக்க முடியாது, அது சிலர் கையில் குவிந்து பொருளாதாரச் சர்வாதிகாரமாக ஆகிவிட்டது என்று அதே போப் அதே மடலில் எழுதுறார். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

சப்சிடியம் என்பது ரோமானியப் படைச் சொல். பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை. முன்வரிசை தாக்குப்பிடிக்கிறவரை அவன் எழுந்திருக்கக் கூடாது. முன்வரிசை சாய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தான்னா அவனுக்கு எதுக்குச் சம்பளம்?

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 27 அக்டோபர்

படைக் கதை நல்லா இருக்கு. அந்தத் துணைப்படை ஒருதரம் எழுந்து வந்துட்டா திரும்பப் போய் உட்கார்ந்ததா சரித்திரம் உண்டா, பாதி சாமியாரே?

நான் கத்தோலிக்கன், ரிபப்ளிகனுக்கு ஓட்டுப் போடுறவன். ரெண்டுக்கும் வெட்கப்படலை. சின்னக் கடைக்காரங்களுக்கு வரிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். எங்கப்பா எழுபதுகளில் ஊரில் ரெண்டு அறை வீடு கட்டினார். சிமெண்ட் பெர்மிட்டில்தான் கிடைக்கும். மனு எழுதிக்கிட்டு ஒரு அலுவலகத் திண்ணையில் எத்தனை நாள் உட்கார்ந்தார்னு கணக்கே இல்லை. வாத்தியார் வேலை பார்த்த மனுஷன், பியூனுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்து நின்னார். பக்கத்தில் நான் டவுசர் போட்டுக்கிட்டு. அரசுன்னு யார் சொன்னாலும் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வரும்.

போதனைக்கு வருவோம். போப் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் ரேரும் நோவாரும் என்ற மடலை எழுதினப்போ முதல் வேலையா சோஷலிசத்தைத்தான் மறுத்தார். சொந்தச் சொத்து வெச்சுக்கறது இயற்கை உரிமைன்னார். 2-ஆம் யோவான் பவுல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வாழ்ந்த போலந்துக்காரர், அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1991-இல் சென்டேசிமுஸ் அன்னுஸ் 48-ஆம் பத்தியில் நல்வாழ்வு அரசைப் போட்டு வாங்குறார். எல்லாத்தையும் அரசே செய்யப் போனா மனிதரின் ஆற்றல் வீணாகும், அதிகாரவர்க்கம் பெருத்துப் போகும், செலவு கட்டுக்கடங்காது, பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரன் தேவை தெரியும். இதில் எதை மறுக்கப் போறீங்க?

இன்னொண்ணு. அரசுக் காசை வாங்கினா அரசு சொல்றதைக் கேட்கணும். பாஸ்டனில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு நூறு வருஷம் போல தத்தெடுப்புச் சேவை செய்தது. ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் குழந்தை தரணும்னு மாநில விதி வந்ததும் 2006-இல் அந்தச் சேவையையே மூடிட்டாங்க. சரி தவறு வேற பேச்சு. சட்டைப் பையில் யார் கை இருக்குங்கறதுதான் நான் கேட்கிறது.

---

சும்மா பார்க்கிறேன் | கோவை | 27 அக்டோபர்

நான் கத்தோலிக்கன் இல்லை. ஒரு சந்தேகம். போப் சொன்னா தப்பே இருக்காதுன்னுதானே உங்க நம்பிக்கை? அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஆளுக்கொரு போப்பைத் தூக்கிட்டு வந்து சண்டை போடுறீங்க?

---

பாதி சாமியார் | திருச்சி | 28 அக்டோபர்

அந்த வழுவாவரம் ரொம்ப அபூர்வமாத்தான் பயன்படும் தம்பி. விசுவாசம், ஒழுக்கம் சார்ந்து, தன் முழு அதிகாரத்தோடு இதுதான் கோட்பாடு என்று அறிவிக்கும்போது மட்டும். ஏழைக்கு உதவணும் என்பது கட்டளை. அதை எத்தனை சதவீத வரியில், எந்தத் திட்டத்தில் செய்யணும் என்பது அவரவர் விவேகம். சண்டை முழுக்க அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவில் இது பழைய சண்டை. 1961-இல் போப் 23-ஆம் அருளப்பர் மாத்தெர் எத் மஜிஸ்த்ரா என்ற மடலை வெளியிட்டார். தலைப்புக்கு அன்னையும் ஆசிரியையும் என்று பொருள். அரசின் தலையீட்டுக்கு அதில் கொஞ்சம் தாராளமாவே இடம் இருந்தது. வலதுசாரி இதழான நேஷனல் ரிவியூ அதை அற்ப விஷயம் என்கிற மாதிரி எழுதியது. கொஞ்ச நாளில் அதே இதழில் "மாத்தெர் சி, மஜிஸ்த்ரா நோ" என்றும் ஒரு கிண்டல். அம்மா சரி, வாத்தியாரம்மா வேண்டாம். க்யூபாக்காரர்கள் யாங்கிக்கு எதிராகப் போட்ட கோஷத்தை மாற்றிப் போட்டது. இதழை நடத்திய பக்லி தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கர்.

கணக்குப்பிள்ளைக்கு: 48-ஆம் பத்தி நீங்க சொன்ன மாதிரியேதான். மறுக்கலை. அதே பத்தியில், சமூகமோ சந்தையோ தன் வேலையைச் செய்ய முடியாத நேரத்தில் அரசு அந்த இடத்தில் நின்று செய்யலாம், ஆனா முடிஞ்சவரை குறுகிய காலம் என்றும் இருக்கு. 42-ஆம் பத்தியையும் ஒருமுறை பாருங்க. கம்யூனிசம் விழுந்துடுச்சே, இனி முதலாளித்துவம்தான் வழியா என்று அவரே கேள்வி கேட்டுக்கிறார். தொழில்முனைவு, சந்தை, சொந்தச் சொத்து இதெல்லாம்தான் என்றால் ஆமாம் என்கிறார். மனித சுதந்திரத்துக்குத் துணைநிற்க வைக்கிற சட்டக் கட்டுக்கோப்புக்குள் நிற்காத பொருளாதாரச் சுதந்திரம் என்றால் இல்லை என்கிறார். உங்க ஆட்கள் "ஆமாம்" வரை ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்காங்க. எங்க ஆட்கள் "இல்லை"யை மட்டும்.

---

கெவ்லார் யாத்திரி | ஜெர்மனி | 29 அக்டோபர்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து முப்பத்தைஞ்சு வருஷம். ஒவ்வொரு ஆகஸ்டும் கெவ்லார் மாதா கோயிலில எங்கட சனம் ஆயிரக்கணக்கில கூடும், அதில கொடி பிடிக்கிற ஆள் நான். அதுதான் இந்தப் பேர்.

நீங்கள் கதைக்கிற சப்சிடியாரிட்டி இஞ்ச சட்டமாவே இருக்கு. அந்த 1931 மடலுக்கு வரைவு எழுதின யேசு சபைச் சுவாமி ஒரு ஜெர்மன்காரர், நெல்-பிரொய்னிங். பிறந்த ஊர் ட்ரியர். கார்ல் மார்க்ஸும் அதே ஊர்தான். ஒரே ஊர்த் தண்ணி ரெண்டு பேரையும் எப்பிடி வளர்த்திருக்கு பாருங்கோ.

நான் வேலை செய்யிறது ஒரு முதியோர் இல்லத்தில. நடத்துறது கத்தோலிக்க அமைப்பு. காசு வாறது அரசு சட்டம் போட்டு உண்டாக்கின பராமரிப்புக் காப்புறுதியில இருந்து. 1995-இல வந்தது. சம்பளத்தில பாதி என்ர, பாதி முதலாளிட. ஒரு கிழவி நடக்க ஏலாமல் வந்தால் ஒராள் வந்து பார்த்து ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு படி போடுவார். படிக்கு ஏத்த காசு இல்லத்துக்கு வரும். மிச்சத்தை அவவின்ர பென்ஷனில எடுப்பினம். அதுவும் காணாட்டி சமூக உதவி அலுவலகம் கட்டும். ஆனால் கிழவியைக் குளிப்பாட்டுறது நான். விடியக் காலமை அவவோட செபமாலை சொல்லுறதும் நான். எந்த மந்திரியும் வந்து நிக்கிறதில்லை.

1961-இல வந்த சட்டத்தில, திருச்சபை மாதிரி அமைப்புகள் ஒரு சேவையைச் செய்யக்கூடியதா இருந்தால் அரசு தான் புதுசாத் தொடங்காமல் அவைக்கு உதவ வேணும் எண்டு போட்டாங்கள். நகரசபைகள் வழக்குப் போட்டு 1967-இல அரசியல்சட்ட நீதிமன்றம் வரைக்கும் போய், சட்டம் சரி எண்டு தீர்ப்பு வந்தது. கொண்டு வந்தது இடதுசாரிகள் இல்லை, அப்ப பிரதமரா (சான்சலர்) இருந்த அடெனவரின்ர கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. எங்கட நாட்டுக் கன்சர்வேட்டிவ். அதே கட்சி 1951-இல நிலக்கரி, இரும்புக் கொம்பனிகளின்ர மேற்பார்வைச் சபையில பாதி இடம் தொழிலாளருக்கு எண்டும் சட்டம் கொண்டு வந்தது. இதை டெக்சாஸில சொன்னால் உங்கட பெரியவர் மயங்கி விழுந்திடுவார்.

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 29 அக்டோபர்

யாத்திரி ஐயா, மரியாதையோட ஒரு கேள்வி. உங்க கோயிலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர்?

வருமான வரியோட சேர்த்து கோயில் வரியை அரசே பிடிச்சுக் கொடுக்கிற நாடு அது. பிடிக்கலைன்னா அரசு அலுவலகத்தில் போய் கையெழுத்துப் போட்டுத் திருச்சபையை விட்டு விலகணும். விலகிட்டும் இருக்காங்க, வருஷத்துக்கு லட்சக்கணக்கில். எங்க ஊரில் யாரும் பிடிக்கலை, தட்டில் போடுறாங்க. கோயில் நிறைஞ்சிருக்கு. காசு தானா வர ஆரம்பிச்சா ஆட்கள் வர்றது நின்னு போகும். இது என் அனுபவக் கணக்கு.

---

கெவ்லார் யாத்திரி | ஜெர்மனி | 30 அக்டோபர்

குத்தினது நோகுது, ஏனெண்டால் உண்மை. நான் இருக்கிற மாநிலத்தில வருமான வரியில 9 வீதம், பவேரியா பக்கம் 8. சம்பளச் சீட்டில ஒரு வரியா நிக்கும். ஜெர்மன் பூசைக்குப் போனால் நரைச்ச தலையாத்தான் தெரியும். தமிழ்ப் பூசைக்கு வாங்கோ, இடம் பிடிக்க ஏலாது.

ஆனால் கோயில் வரி வேற, காப்புறுதி வேற. முதியோர் இல்லத்துக்கு வாறது கோயில் வரிக் காசு இல்லை. அந்த ரெண்டையும் ஒரே பையில போடாதேங்கோ.

---

நெறியாளர் | 30 அக்டோபர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ், குடியேற்றம், அன்பின் ஒழுங்கு (யாரை முதலில் நேசிக்க வேண்டும் என்ற விவாதம்) பற்றிப் பேச பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டித் தொடங்கிய இழை இருக்கிறது, 400 பதிவு தாண்டி ஓடுகிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே பொருளாதாரம் மட்டும்.

---

கட்டுமரம் | கன்னியாகுமரி மாவட்டம் | 31 அக்டோபர்

மடல், பத்தி எண் எல்லாம் நமக்குத் தெரியாது. எங்க கடற்கரையில நடந்ததைச் சொல்றேன். சேர்ந்தா சேரட்டும்.

எங்கப்பா கட்டுமரத்துல போயிட்டு விடிய ஏழு மணிக்குக் கரை பிடிப்பாவ. மடியில மீன் துடிக்கும்போதே யாவாரி வந்து நிப்பான். வலை வாங்க முன்பணம் குடுத்தவன் அவன், அதனால மீன் அவனுக்குத்தான், விலையும் அவன் சொல்றதுதான். எதுத்துப் பேசினா அடுத்த மழைக்காலத்துல கஞ்சிக்குக் கடன் கிடைக்காது. தாத்தா காலத்துலயிருந்து அப்படித்தான்.

எண்பதுகள்ல பங்குச்சாமியாரும் கொஞ்சம் இளவட்டமும் சேந்து ஊருக்கு ஒரு மீனவர் சங்கம் போட்டாவ. சங்கத்து ஆளே கரையில ஏலம் கூறுவான். கிடைச்ச காசுல கொஞ்சம் கடனுக்கு, கொஞ்சம் சேமிப்புக்கு, கொஞ்சம் சங்கத்துக்குன்னு பிடிச்சிட்டு மிச்சம் கையில. முதல் ரெண்டு மாசம் யாவாரிமாரு ஒண்ணா நின்னு ஏலத்துக்கே வரல. மீன் மணல்ல கிடந்து நாறுச்சு. சாமியாரு சைக்கிள்ல ஐஸ் கொண்டு வந்தாரு. பெறகு வெளியூர் யாவாரி வந்தான், உள்ளூர்க்காரனும் இறங்கி வந்தான். இப்படி ஊர்ஊரா வந்த சங்கங்களுக்கெல்லாம் தலைமையா திருவனந்தபுரத்துல ஒரு சம்மேளனமும் 1980-லயே உண்டாச்சு. ஒத்தப் பைசா அரசுகிட்ட கேக்காம யாவாரியை வழிக்குக் கொண்டு வந்தோம். இது கணக்குப்பிள்ளை அண்ணனுக்குப் பிடிக்கும்.

இப்ப அவருக்குப் பிடிக்காததும் சொல்லணும்லா. விசைப்படகு கரையோரமா வந்து மடிவலையை இழுத்துட்டு அள்ளிட்டுப் போச்சே, அவனை எந்தச் சங்கம் தடுக்கும்? கல்லெறிஞ்சு பாத்தோம். படகை எரிச்ச ஊரும் உண்டு. செயிலுக்குப் போனதுதான் மிச்சம். 1983-ல தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுது, விசைப்படகு கரையிலயிருந்து 3 கடல்மைலுக்கு உள்ள தொழில் செய்யக்கூடாதுன்னு. சட்டம் ஒழுங்கா நடக்கான்னா பாதிதான் நடக்கு. ஆனா அந்தச் சட்டமும் இல்லன்னா இன்னைக்கு எங்க கரையில நெத்திலி கூட இருக்காது.

யாவாரியைச் சங்கம் பாத்துக்கிட்டுது. விசைப்படகைச் சங்கம் பாக்க முடியல. நீங்க சொல்ற சப்சி என்னமோ, அது இதுதானா?

---

பாதி சாமியார் | திருச்சி | 31 அக்டோபர்

அந்தத் தேர்வை நான் எழுதும்போது நீங்க எங்கே போயிருந்தீங்க, கட்டுமரம்?

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 31 அக்டோபர்

கட்டுமரம் தம்பி எழுதினதை மனைவிக்கும் வாசிச்சுக் காட்டினேன். மூணு கடல்மைல் சட்டத்தை எதிர்க்கிற அளவு நான் மூடன் இல்லை. அடுத்தவன் வலையை அறுக்கிறவனைத் தடுக்கத்தான் அரசு. அதுக்கு மேலே மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்புறதுன்னு வரும்போதுதான் என் கேள்வி.

2012-இல் ரிபப்ளிகன் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் பால் ரயன் கொண்டு வந்த பட்ஜெட்டைத்தான் நான் நியாயமா நினைக்கிறேன். விஸ்கான்சின்காரர், கத்தோலிக்கர், எங்க ஆளு. சப்சிடியாரிட்டியைப் பேர் சொல்லியே பேசினார். கூட்டாட்சி மாதிரிதான் அது, மாநிலத்திடம் கொடு, ஊரிடம் கொடுன்னார்.

---

பாதி சாமியார் | திருச்சி | 1 நவம்பர்

கொடுன்னார், சரி. பணத்தைக் குறைச்சுட்டு இல்ல கொடுன்னார்? ஃபுட் ஸ்டாம்பை மொத்தத் தொகையா மாநிலங்களிடம் தள்ளிவிட்டு, வரும் வருஷங்களில் அந்தத் தொகையையும் வெட்டுறதுதான் திட்டம். அமெரிக்க ஆயர் பேரவையின் சார்பில் ஸ்டாக்டன் ஆயர் ஸ்டீபன் பிளேர் காங்கிரசுக்குக் கடிதம் எழுதினார், இந்த வெட்டுகள் அறநெறி அளவுகோலில் தேறலைன்னு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு ரயன் பேச வந்தப்போ தொண்ணூறு பேர் போல ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு தெரிவிச்சாங்க. அந்தக் கோடையில் சகோதரி சிமோன் கேம்ப்பெல் தலைமையில் கன்னியர்கள் பஸ் ஏறி ஊர் ஊராப் போனாங்க. உங்க பக்கம் சும்மா இருக்கலை என்பதும் உண்மை. ரயனின் சொந்த மறைமாவட்டத்து ஆயர் அவருக்காகப் பேசினார்.

பொறுப்பைக் கீழே இறக்கும்போது பணத்தை மேலேயே நிறுத்தி வெச்சா அது சப்சிடியாரிட்டி ஆகாது, பளு இறக்குறது. போப் 16-ஆம் ஆசீர்வாதப்பர் 2009 மடலில் இதை ரெண்டு பக்கமும் அடிச்சிருப்பார். தோழமை இல்லாத துணைமை (அதான் சப்சிடியாரிட்டி) தன்னலமா சுருங்கும். துணைமை இல்லாத தோழமை, வாங்குறவனை எப்பவும் கை ஏந்துறவனாவே வெச்சிருக்கும். ரெண்டாவது பாதி உங்களுக்கு, எடுத்துக்குங்க.

இது இப்ப வந்த விஷயமும் இல்லை. 1919-லேயே அமெரிக்க ஆயர்கள் குறைந்தபட்சக் கூலி, முதுமைக்கும் வேலையின்மைக்கும் காப்பீடு எல்லாம் கேட்டு ஒரு திட்டம் வெளியிட்டாங்க. எழுதியவர் ஜான் ரயன் என்ற சாமியார். அவரும் ரயன்தான். சிங்கராயர் மடலை அவர் வாசிச்ச விதம் வேற. பணக்காரனுக்குத் தன்னைக் காத்துக்க வழி ஆயிரம், ஏழைக்குச் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை, அவன் அரசைத்தான் நம்பணும் என்று 1891-லேயே அதில் இருக்கு.

---

ஓரத்துப் பெஞ்சு | டெக்சாஸ் | 2 நவம்பர்

இழை இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை.

நேற்று சகல புனிதர் திருநாள், சனிக்கிழமை, பேன்ட்ரி நாள். பணம் வரலை. வழக்கமா எட்டரைக்கு மேல்தான் வருவாங்க. நேற்று ஆறரைக்கே கார் வரிசை கோயில் வாகன நிறுத்தத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுச்சு. பெரியவர் மஞ்சள் தாளில் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு, அப்படித்தான் எண்ணுவார். வழக்கமா முக்கால் பக்கம். நேற்று ரெண்டாவது தாளைத் திருப்பினார்.

பத்து மணிக்கு அலமாரி காலி. கடைசியா இருந்தது வெள்ளரி ஊறுகாய் பாட்டில் பன்னிரண்டும் ஒரு பெட்டி தேயிலையும். வரிசையில் செவிலியர் சீருடையில் ஒரு பொண்ணு, பின் சீட்டில் ரெண்டு குழந்தை. அவளுக்கு நான் ஊறுகாய் கொடுத்தேன். அவள் "தேங்க் யூ" சொன்னாள். அதுக்கப்புறம் காரை எடுக்காம கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாள்.

ஃபீடிங் அமெரிக்கா (நாடு முழுக்க உள்ள உணவு வங்கிகளின் அமைப்பு) சொல்ற கணக்கு ஒண்ணு எங்க சுவரில் ஒட்டியிருக்கும்: உணவு வங்கிகள் ஒரு வேளை கொடுத்தால் ஸ்னாப் ஒன்பது வேளை கொடுக்குது. நாடு முழுக்க நாலு கோடிப் பேருக்கு மேல் அதில் இருக்காங்க. மூணு வருஷமா அந்தத் தாளுக்குக் கீழே நின்னுதான் பெட்டி பிரிச்சிருக்கேன். நேற்றுதான் அது கண்ணில் பட்டது.

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 2 நவம்பர்

ஒன்பது வேளையை அரசு கொடுக்குதுன்னா, நாம அந்த ஒன்பதை விட்டுக்கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சுன்னும் கேட்கணும். ஒரு காலத்தில் ஐரிஷ், இத்தாலியப் பங்குகள் தங்களுக்குள்ளேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஈமச்சடங்கு நிதி எல்லாம் வெச்சு நடத்தினாங்க. கொலம்பஸ் சங்கமே 1882-இல் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் காப்பீடு தரத்தான் தொடங்கினது. இப்ப அவன் பார்த்துப்பான்னு விட்டாச்சு.

இதையும் உங்க பக்கம் வாசிக்கணும்: இப்போதைய போப் 14-ஆம் சிங்கராயர் போன மாசம் வெளியிட்ட திலெக்ஸி தே என்ற அறிவுரை மடல். ஏழைகளைக் கவனிக்கிறது அரசோட வேலைன்னு தள்ளிவிடுற கிறிஸ்தவர்களை அதில் கண்டிக்கிறார். தர்மம் கொடுக்கிறதை விட்டுடாதேங்கிறார்.

---

பாதி சாமியார் | திருச்சி | 3 நவம்பர்

கண்டிக்கிறார், சத்தியம். சந்தையை விட்டாலே வறுமை தானாத் தீரும்னு சொல்றவங்களையும் அதே பத்தியில்தான் கண்டிக்கிறார். சிகாகோக்காரர் இல்லையா, ரெண்டு பக்கத்து வாதமும் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்திருப்பார். சிங்கராயர் என்ற பேரை எடுத்ததே 1891 மடலை நினைச்சுத்தான்னு மே மாசம் கர்தினால்களிடம் சொன்னார்.

பழைய பங்குகள் பற்றி நீங்க சொன்னது உண்மை, அந்த இழப்பு பெரிய இழப்பு. ஆனா அந்த ஐரிஷ், இத்தாலியப் பங்குகளில் இருந்தவங்கதான் முப்பதுகளில் வேலை போனப்போ ரூஸ்வெல்ட்டுக்கு மொத்தமா ஓட்டுப் போட்டாங்க. 1932-இல் டெட்ராய்ட் கூட்டத்தில் ரூஸ்வெல்ட் அந்த 1931 மடலையே எடுத்து மேற்கோள் காட்டினார். சங்கம் வெச்சு நடத்தினவனுக்குத்தான் சங்கத்தால் எது முடியாதுன்னு தெரிஞ்சது.

---

சும்மா பார்க்கிறேன் | கோவை | 3 நவம்பர்

அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? அதை யாருமே கேட்கலை.

---

ஓரத்துப் பெஞ்சு | டெக்சாஸ் | 9 நவம்பர்

கேட்டீங்களே என்று இந்த வாரம் முழுக்கக் கவனிச்சேன். கருத்து மாறினாரான்னு கேட்டா, இல்லை. வாஷிங்டனை இன்னும் திட்டுறார், முன்னைவிட அதிகமா. முதலில் ஆளைப் பழக்கிட்டு அப்புறம் கையை விடுறாங்களே, இதுதான் நான் சொன்னதுங்கிறார். அதுவும் ஒரு வாதம்தான், எனக்குப் பதில் வரலை.

ஆனா வியாழக்கிழமை தன் பிக்கப் லாரியை எடுத்துக்கிட்டு நாற்பது மைல் போய் அரிசி, பீன்ஸ் மூட்டை ஏத்தி வந்தார். இறக்கி வைக்க நானும் போனேன். மூட்டைக்கான பில்லைப் பாதியா மடிச்சுச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டார், பங்கில் காட்டலை. நேற்று மஞ்சள் தாளில் ரெண்டு பக்கம் நிறைஞ்சது. கடைசியில் கூட்டிப் பார்த்துட்டு என்னிடம் கேட்டார்: "அடுத்த சனிக்கும் இதே மாதிரி வந்தா, நாம எத்தனை வாரம் தாங்குவோம்?" நான் ரெண்டு என்றேன். அவர் ஒன்றரை என்றார்.

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 9 நவம்பர்

உங்க பங்கு முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்க. செக் போடுறேன். இங்கே ரெண்டு மூணு கடைக்காரங்களிடமும் பேசியிருக்கேன். பெரியவர் பேருக்கு இல்லை, அவர் வாங்கமாட்டார், பங்கு பேருக்கே.

ரசீது மட்டும் மறக்காம அனுப்பச் சொல்லுங்க. வரிக் கழிவுக்கு வேணும்.

---

பாதி சாமியார் | திருச்சி | 10 நவம்பர்

வரிக் கழிவா! அப்போ அந்தச் செக்கில் ஒரு பங்கு வாஷிங்டன் காசுதானே, பிள்ளைவாள்?

---

கணக்குப்பிள்ளை | நியூ ஜெர்சி | 10 நவம்பர்

என் காசை எடுக்காம விட்டதுக்குப் பேர் கொடுக்கிறது இல்லை சாமி. இதுக்குத் தனி இழை திறங்க, வர்றேன்.

---

கட்டுமரம் | கன்னியாகுமரி மாவட்டம் | 10 நவம்பர்

இழை திறக்குறவரைக்கும் ஒரு சந்தேகம். அந்த வெள்ளரி ஊறுகாயை அங்க சோத்துக்குத் தொட்டுக்குவாவளா?

---

ஓரத்துப் பெஞ்சு | டெக்சாஸ் | 10 நவம்பர்

மாட்டாங்க. அதனால்தான் அது கடைசி வரைக்கும் மிஞ்சியிருந்தது.